ஆறுதலாச் சொல்லுவம்

குகதாசனிடம் ஒரு பழக்கம் உண்டு. கெட்ட செய்தி எதையும் அவர் உடனே சொல்லமாட்டார். லண்டனில், ஹவுன்ஸ்லோவில் அவர் நடத்தும் பலசரக்குக் கடையில் குளிர்ப்பெட்டி பழுதாகி மீன் முழுவதும் நாறிப்போன அன்றுகூட, மனைவி தவமலர் சாப்பிட்டுக் கை கழுவித் தேத்தண்ணியும் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். “ஆறுதலாச் சொல்லுவம்” என்பது அவருடைய வேதவாக்கு. அதை ஒரு நல்ல குணம் என்றே அவர் நம்பினார். தெரிந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள்: பதறாத மனுசன், பக்குவம் தெரிந்தவர் என்று. பக்குவமாம், மண்ணாங்கட்டி.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதத்தில் ஒரு காலை. குகதாசனும் தவமலரும் விடிய முன்பே கோலாலம்பூரில் விமானம் ஏறி, பாங்கொக்கில் இறங்கி, லண்டன் விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். மகள் பிரசாந்தினியின் கலியாணத்தை முடித்துவிட்டு வருகிறார்கள். மாப்பிள்ளை கொழும்பில் வேலை பார்ப்பவன். அவன் வீட்டாருக்கு லண்டன் விசா கிடைக்காது. அகதியாக ஜெர்மனிக்குப் போய், பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்த குகதாசனுக்கு இலங்கையில் கால் வைக்கப் பயம். இரண்டு பக்கமும் வந்துபோகக்கூடிய நடு இடம் மலேசியா. அந்த வருடங்களில் எங்கள் ஆட்களின் எத்தனையோ கலியாணங்கள் இப்படி இரு வீட்டாருக்கும் சொந்தமில்லாத ஊர்களில்தான் நடந்தன. விசா அலுவல் முடியும்வரை பிரசாந்தினி புருசனோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

தவமலரின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. பெட்டிக்குள் வைக்க மனமில்லாமல் அதைக் கையிலேயே கொண்டுவந்தாள். உள்ளே கரை போட்ட வேட்டியும் சால்வையும். பெண்ணின் தாய்மாமனுக்கென்று எடுத்தவை. தாய்மாமன் என்றால் அவளுடைய தம்பி ஜீவரத்தினம்; அவளுக்கு இருக்கும் ஒரே சகோதரம். கலியாணம் கட்டாத ஒற்றை ஆள். வன்னியில், உடையார்கட்டுப் பக்கம் ஒரு நெல் ஆலையில் வேலை செய்தான். தை மாதத்தில் எங்கேயோ வரிசையில் நின்று போன் எடுத்தவன், “நான் வராட்டியும் என்ர வேட்டியை எடுத்து வையுங்கோ அக்கா, பேந்து ஏமாத்தக் கூடாது” என்று சிரித்தான். அதன் பிறகு சண்டை கடற்கரை வரை போய்விட்டது. அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கலியாணத்தன்று அந்த வேட்டி ஒரு தட்டத்தில் மணவறைக்குப் பக்கத்தில் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் அது என்ன என்று கேட்டதற்கு, “என்ர தம்பியின்ர பங்கு” என்று தவமலர் தலை நிமிர்ந்து சொன்னாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள் இப்போது. “அந்தா அந்தத் தூணுக்குப் பக்கத்தில ரெலிபோன் இருக்கு. வீட்டுக்கு ஒருக்கா எடுப்பமே? அங்க இப்ப நாகேஸ்வரி அக்கா வேலைக்கு வெளிக்கிடுற நேரம். தம்பியைப் பற்றி ஏதும் செய்தி வந்திருந்தாலும் வந்திருக்கும்.”

நாகேஸ்வரி அவர்களுடைய வீட்டின் மேல் அறையில் வாடகைக்கு இருக்கும் விதவை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் இடத்தில் விடியற்காலை ஷிப்ட்.

“நான் எடுத்தனான் மலர்,” என்றார் குகதாசன். “ஒரு செய்தியும் இல்லையாம்.”

“எப்ப எடுத்தனீங்கள்? என்னோடதானே நிண்டனீங்கள்.”

“நீர் முகம் கழுவப் போகேக்க.”

“நான் ஒருக்கா அவவின்ர குரலைக் கேட்டாலும் காணும். மனம் ஒரு மாதிரிக் கிடக்கு.”

“இனி என்ன, பின்னேரம் வீட்டை போயிடுவம். இரும்.”

அவள் இருந்தாள். புருசன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அத்தனை வருடம் பழகிப்போன மனம். துணிப்பையை ஒருமுறை தடவிக்கொண்டு தூணுக்குப் பக்கத்திலிருந்த தொலைபேசியையே பார்த்தாள். குகதாசன் வேறு பக்கம் பார்த்தார்.

ஏனென்றால், ஜீவரத்தினம் செத்துப்போன செய்தி அவருக்குக் கலியாணத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது.

சொன்னவன் ஜெர்மனியில் ஒரு காலத்தில் அவரோடு ஒரே அறையில் இருந்த சுப்பிரமணியன். “மச்சான், எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. மாத்தளன் கரையில ஷெல் விழுந்து மலரின்ர தம்பி முடிஞ்சுதாம். பக்கத்தில நிண்ட ஒருத்தர் கண்ணால கண்டவராம்” என்றான். ஹோட்டல் படிக்கட்டில் நின்றுதான் குகதாசன் அதைக் கேட்டார். ஜீவரத்தினம் அவருக்கு வெறும் மைத்துனன் இல்லை. அவர் பெண் பார்க்கப் போன நாளில் முதலில் வந்து கையைப் பிடித்த பொடியன். படியிலேயே இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அழுது முடிந்ததும் கணக்குப் போடத் தொடங்கினார். அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஆட்களுக்குச் சாவு என்றால் துக்கம் மட்டுமில்லை, துடக்கு என்கிற தீட்டும். கூடப்பிறந்தவன் செத்தால் அக்காவுக்குத் துடக்கு. துடக்குக்காரி கோயில் வாசற்படி மிதிக்க முடியாது, கலியாணமோ கோயிலில். தாரை வார்க்கும்போது தகப்பனுக்குப் பக்கத்தில் தாய் நின்று தண்ணீர் ஊற்ற வேண்டும். செய்தி வெளியே வந்தால் மலர் ஹோட்டல் அறைக்குள் இருந்து அழ, மகள் தாயில்லாப் பிள்ளை போல மணவறையில் இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று நாளையே மாற்றினாலும் மாற்றுவார்கள். அவர்களுடைய மலேசிய விசாவும் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. இதற்கு எங்கள் ஆட்களிடம் பழைய வழி ஒன்று இருக்கிறது. செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. விழாவிட்டால் இல்லை. ஆகவே காதைப் பொத்திவிடுவது. எத்தனையோ கலியாண வீடுகளில் இப்படிச் சாவை அடுப்படியில் ஒளித்து வைத்துவிட்டு மேளம் அடித்திருக்கிறார்கள். முடிந்த பிறகு கட்டிப்பிடித்து அழுவார்கள். ஒருவரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது குகதாசனுக்குத் தெரியும். அதனால் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. உண்மைதானா என்று ஒரு ஆளைக் கேட்டால் நாலு பேருக்குத் தெரிந்துவிடும். சுப்பிரமணியனிடம் சத்தியம் வாங்கினார். லண்டனுக்குப் போன் எடுத்து, “அக்கா, ஆர் போன் எடுத்தாலும் எங்கட மலேசியா நம்பரைக் குடுக்காதேங்கோ. வந்து நான் கதைக்கிறன்” என்று நாகேஸ்வரிக்கும் கட்டளை போட்டார். அந்த மலேசியச் சிம் அவருடைய போனில்தான் இருந்தது. தவமலரிடம் போன் இல்லை. ஓட்டையெல்லாம் அடைத்தாகிவிட்டது என்று அவருக்கே தன் கெட்டித்தனத்தில் ஒரு திருப்தி.

கலியாணத்தன்று காலை, நாதஸ்வரக்காரர் ஊதிப்பார்த்துக்கொண்டிருந்த நேரம் நாகேஸ்வரி லண்டனிலிருந்து போன் எடுத்தாள்.

“தம்பி, முக்கியமான அலுவலொண்டு. ஒருக்காக் கேளுங்கோ...”

“எனக்கு எல்லாம் தெரியும் அக்கா. இப்ப ஒண்டும் கதையாதேங்கோ. லண்டன் வந்து ஆறுதலாக் கேக்கிறன்.”

“இல்லைத் தம்பி, அந்த மனுசன்...”

அவர் போனை நிறுத்திப் பையில் போட்டுக்கொண்டார். செய்தி ஹவுன்ஸ்லோவுக்கும் போய்விட்டதாக்கும் என்று நினைத்தார். அதற்குப் பிறகு அந்தப் போனை அவர் திறக்கவேயில்லை.

தாரை வார்த்தபோது தவமலரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். தண்ணீர் ஊற்றும்போதே கண்ணீரும் விழுந்தது. குகதாசனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கலியாணம் முடிந்ததும் சொல்லுவோம் என்றிருந்தவர், நாலாஞ்சடங்கு முடியட்டும் என்றார். அது முடிந்ததும், மகளைப் பிரிகிற நேரத்தில் வேண்டாம் என்றார். பிறகு விமானத்துக்குள் வேண்டாம், பிறத்தியார் முன்னால் வாய்விட்டு அழவும் ஏலாமல் இருப்பாள். சொந்த வீட்டுக்குப் போய், சொந்தச் சுவரில் சாய்ந்து அழட்டும். சாகிறதுக்கு ஒரு இடம் தேடுகிற மாதிரி, அழுகிறதுக்கு அவர் ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தார்.

லண்டன் விமானத்தில் தவமலர் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள். “மலர், நான் ஒண்டு சொல்லப்போறன், மனதைத் திடப்படுத்தும்” என்று அவர் உதட்டை மட்டும் அசைத்து வழி முழுவதும் ஒத்திகை பார்த்தார். எந்த விதமாகச் சொன்னாலும் ஒரு கேள்வி வந்து குறுக்கே நின்றது. எப்ப தெரியும் உங்களுக்கு? இத்தனை நாள் தன்னோடு சாப்பிட்டு, சிரித்து, படம் எடுத்துக்கொண்டு நின்ற மனுசன் இதைத் தெரிந்துகொண்டா நின்றான் என்று அவள் ஒரு பார்வை பார்ப்பாள். ஆனாலும் மன்னிப்பாள். எல்லாரும் செய்வதுதானே. மகளுக்காகச் செய்தது.

விமானம் தாழ்ந்தபோது விழித்துக்கொண்டாள். பின்னேர வெயிலில் தேம்ஸ் ஆறு தெரிந்தது. பிறகு ஒரே மாதிரிச் சிவப்புக் கூரைகள்.

“எங்கட தெரு உதுக்குள்ளதான் கிடக்கு,” என்று கண்ணாடியில் விரலை வைத்தாள். “வந்திட்டம் என்ன. வீடு வீடுதான். போன உடன தம்பிக்கு ஒரு விளக்கு வைக்கவேணும்.”

பிக்கடிலி லைன் ரயிலில் ஏறினார்கள். முன் இருக்கையில் யாரோ விட்டுப்போன பத்திரிகையில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் கூடியிருந்த எங்கள் சனத்தின் படம். தவமலர் அதை எடுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “சனம் ரோட்டில கிடக்குது. நாங்கள் பட்டு உடுத்திக்கொண்டு திரிஞ்சிட்டு வாறம்” என்றாள். குகதாசன் ஹற்றன் குறொஸ் ஸ்டேஷன் தாண்டட்டும் என்று நினைத்தார். தாண்டியது. ஹவுன்ஸ்லோ வெஸ்ற் வந்ததும், பெட்டிகளைப் படியால் ஏற்ற வேண்டுமே, வீட்டுக்குப் போய் என்று நினைத்தார்.

பூட்டில் திறப்பைப் போட முன்பே கதவு திறந்தது. நாகேஸ்வரி வெள்ளைச் சீலையில் நின்றாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. பெட்டியை உள்ளே எடுக்கவும் விடாமல் தவமலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழத் தொடங்கினாள். குகதாசனுக்கு விளங்கிவிட்டது. சரி, என் வாயால் சொல்ல வேண்டியதில்லை, நாகேஸ்வரியே சொல்லிவிடுவாள் என்று அந்த நேரத்திலும் அவர் மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி. வெட்கக்கேடு.

“ஐயோ பிள்ளை,” என்றாள் நாகேஸ்வரி, “ஒருக்கா, ஒரே ஒருக்கா அவரோட கதைச்சிருக்கலாமே. அதைத்தானே கேட்டுக்கொண்டு கிடந்தவர்.”

“ஆரோட அக்கா?” என்றாள் தவமலர். “ஆர் கிடந்தது?”

குகதாசன் முன்னால் வந்தார். “மலர், இரும். நான் சொல்லுறன். ஆறுதலா...” பெட்டியைக் கீழே வைத்தார். “தம்பி போயிட்டான் மலர். கலியாணத்துக்கு முன்னமே போயிட்டான். கரையில ஷெல் விழுந்து. எனக்குத் தெரியும். உமக்குச் சொன்னாத் துடக்கெண்டு, பிள்ளையின்ர காரியம்...”

நாகேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“என்ன விசர்க்கதை கதைக்கிறியள் தம்பி? கலியாணத்துக்கு முன்னமோ? இண்டைக்கு விடிய, நான் வேலைக்கு வெளிக்கிடேக்க, இதிலை நிண்டு அவரோட கதைச்சனான்.”

வாசற்கதவு இன்னும் திறந்தே கிடந்தது. வீட்டுக்கு மேலால் ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது.

பிறகு நாகேஸ்வரி சொன்னாள். ஷெல் விழுந்தது உண்மை. ஜீவரத்தினம் சாகவில்லை. வயிற்றில் காயம். காயக்காரரை ஏற்றிய கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கே ஆஸ்பத்திரியில் ஆதரவில்லாத ஆட்களைப் பார்க்க வரும் மெற்றில்டா என்ற கன்னியாஸ்திரி தன் போனைக் கொடுத்திருக்கிறார். ஜீவரத்தினத்துக்குப் பாடமாயிருந்தது இந்த வீட்டு நம்பர் ஒன்றுதான். “முதல் நாள் எடுத்தவர், ‘அக்காவுக்கு இப்ப சொல்லாதேங்கோ, கலியாணம் குழம்பும், முடியட்டும்’ எண்டார். நான் உங்களுக்கெண்டாலும் சொல்லுவமெண்டு எடுத்தன் தம்பி. நீங்கள் எல்லாம் தெரியுமெண்டியள். தெரிஞ்சுதான் பேசாமல் இருக்கிறியளாக்குமெண்டு விட்டிட்டன். பேந்து நாள்நாளா எடுத்துக் கேட்டவர், ‘கலியாணம் முடிஞ்சுதெல்லோ, அக்காவை ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோவன்’ எண்டு. நீங்கள் குடுக்காதேங்கோ எண்டு சொல்லியும் நான் அந்த நம்பரைக் குடுத்தன். அவைக்கும் கிடைக்கேல்லை, எனக்கும் கிடைக்கேல்லை. போன் செத்துக் கிடந்தது.”

“இண்டைக்கு என்ன சொன்னவன்?” என்றாள் தவமலர். அவள் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

“மூச்சு வாங்கினது பிள்ளை. ‘அக்கா இண்டைக்கு வாறாவெல்லோ’ எண்டார். ஓம் ராசா, பின்னேரம் வந்திடுவா, எடும் எண்டன். ‘வேட்டி வாங்கினவவோ’ எண்டு கேட்டார். எனக்கு என்ன வேட்டியெண்டு விளங்கேல்லை. ஓம், வாங்கினவா எண்டன். நான் வேலையால வர, சிஸ்டர் எடுத்தா. மத்தியானம் முடிஞ்சுதாம்.”

குகதாசன் மாடிப்படியில் இருந்துவிட்டார். சுப்பிரமணியன் சொன்ன அன்றே வாயைத் திறந்திருந்தால் மலர் சும்மா இருந்திருக்கமாட்டாள். அழுது குழறி, உலகம் முழுக்கப் போன் அடித்து, செஞ்சிலுவைக்காரரைப் பிடித்து, தம்பி எங்கே கிடக்கிறான் என்று எப்படியும் கண்டுபிடித்திருப்பாள். துடக்கே இல்லாத நாட்களில் அவர் துடக்கை ஒளித்தார். உயிரோடு கிடந்தவனை மனதுக்குள் எரித்துவிட்டு, அவன் அக்காவைத் தேடிக் கூப்பிட்ட குரலை எடுத்துத் தன் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரிந்தார். யாருக்குச் சொல்லி மாரடிக்கிறது?

“மலர்,” என்றார். “எனக்குத் தெரியாது மலர். சத்தியமாத் தெரியாது.”

தவமலர் அவரைப் பார்க்கவில்லை. நாகேஸ்வரியைத்தான் கேட்டாள்.

“நீங்கள் வேலைக்கு வெளிக்கிடேக்கதானே அக்கா?”

“ஓம் பிள்ளை.”

“நான் அந்த நேரந்தான் எடுக்கக் கேட்டனான். பாங்கொக்கில. உதே நேரந்தான்.” துணிப்பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். “ரெலிபோன் எனக்கு முன்னாலதான் இருந்தது. எழும்பி நாலடி நடந்தாத் தொட்டிருப்பன். இவர் எடுத்தவராம். நான் முகம் கழுவேக்க எடுத்தவராம்.”

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். தலையில் அடித்துக்கொண்டு அவரையும் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் சப்பாத்தையும் கழற்றாமல் நடந்துபோய், தொலைபேசி இருந்த மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, வேட்டியை வெளியே எடுத்து மடியில் விரித்தாள். மடிப்பு ஒவ்வொன்றாகத் தடவினாள். நாகேஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

“தலையில தண்ணி வார்க்கவேணும் மலர்,” என்று குகதாசன் மெல்லச் சொன்னார். சாவு கேட்டால் முழுகுவது முறை.

“இப்பதான் துடக்கு வந்திருக்கு,” என்றாள் அவள். “வரட்டும். வைச்சிருக்கிறன்.”

தொலைபேசி அடித்தது.

குகதாசனின் கை தன்பாட்டில் எழுந்தது. அந்த வீட்டில் போன் எடுப்பது எப்போதும் அவர்தான். தவமலர் அவர் வர முன்பே ரிசீவரைத் தூக்கிவிட்டாள்.

கோலாலம்பூரிலிருந்து பிரசாந்தினி. அங்கே சாமம் கடந்திருக்கும். தாயும் தகப்பனும் போய்ச் சேர்ந்த செய்தி கேட்காமல் படுக்கமாட்டாள். புதுப்பெண்ணின் சந்தோசம் அந்தக் குரலில் அப்படியே இருந்தது. படியில் இருந்த குகதாசனுக்கும் கேட்டது. “அம்மா, பத்திரமா வந்திட்டியளோ? மாமாவைப் பற்றி ஏதும் செய்தி வந்ததோ?”

குகதாசன் எழுந்து இரண்டு கையாலும் மன்றாடினார். வேண்டாம், இப்ப வேண்டாம், கலியாணம் முடிஞ்ச ஈரம் இன்னும் காயேல்லை, நாளைக்கு, ஆறுதலா. வாயால் சொல்லவில்லை. கை சொன்னது. அத்தனையும் பார்த்த பிறகும் அந்தக் கைக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

தவமலர் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“மாமா செத்திட்டார் பிள்ளை.”

“இப்பவே அழு,” என்றாள். “விடியட்டுமெண்டு பாராதை. ஆறுதலா அழலாமெண்டு ஆர் சொன்னாலும் கேளாதை. அழு.”

பிள்ளையின் அழுகை தொலைபேசிக்கு வெளியே வந்தது. பிறகு விக்கலுக்கு நடுவே ஒரு கேள்வி. எப்ப அம்மா, எப்ப?

தவமலர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துக் குகதாசனை நோக்கி நீட்டினாள். அவர் கிட்டப் போய் வாங்கினார்.

“அப்பா? மாமா எப்ப செத்தவர்?”

“இண்டைக்கு,” என்றார் குகதாசன்.

வேட்டியை மடித்துக்கொண்டிருந்த தவமலர் தலை நிமிராமல் சொன்னாள்:

“பாங்கொக்கையும் சொல்லுங்கோ.”